சின்கோனாப் பட்டையும் மருந்தின் தரமும்: நீலகிரியில் ஒரு வரலாறு

சின்கோனா, தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலைச்சரிவுகளைத் தாயகமாகக் கொண்ட மரம். இதன் பட்டையிலிருந்து குயினைன் எடுக்கப்படுகிறது. மலேரியாவை உண்டாக்கும் ஒட்டுண்ணியை மனித ரத்தத்துக்குள்ளேயே கொல்லக்கூடியதாக உலகம் அறிந்த முதல் மருந்து இதுவே. தமிழ்நாட்டில் பழைய தலைமுறையினர் இதைக் ‘கொய்னா’ என்பார்கள். 1860க்குப் பின் நீலகிரி மலையில் இம்மரம் அரசால் பயிரிடப்பட்டது.

சின்கோனாவின் வரலாறு பெரும்பாலும் சாகசக் கதையாகவே சொல்லப்படுகிறது. காட்டுக்குள் சென்றவர்கள், விதையைக் கடத்தியவர்கள், கப்பலில் வாடிய கன்றுகள் என்று அது விரியும். அதிகம் பேசப்படாத இன்னொரு பக்கமும் உண்டு. ஒரு பட்டையில் மருந்து எவ்வளவு இருக்கிறது என்பதை எப்படி அளப்பது, எதை அளந்தால் அது நல்ல பட்டை என்பதே அந்தப் பக்கம். நீலகிரித் தோட்டங்களின் விதியை முடிவுசெய்தது இந்தக் கேள்விதான்.

கசப்பே அளவுகோலாக இருந்த காலம்

17ஆம் நூற்றாண்டில் இயேசு சபையினர் வழியாக இப்பட்டை ஐரோப்பாவுக்குச் சென்றது. பெரு நாட்டில் ஸ்பானிய ஆளுநராக இருந்த சின்சோன் பிரபுவின் மனைவி இதனால் காய்ச்சல் நீங்கப்பெற்றார் என்று ஒரு கதை நெடுங்காலம் வழங்கியது. லின்னேயஸ் 1742ல் மரத்துக்கு வைத்த பெயர் அந்தக் கதையை நம்பி வைத்ததுதான். பெயரில் ஓர் எழுத்தைத் தவறவிட்டார், அதுவே நிலைத்துவிட்டது. கதைக்கு ஆதாரம் இல்லை என்பதைப் பின்வந்த வரலாற்றாய்வாளர்கள் காட்டியுள்ளனர்.

அக்கால மருத்துவரிடம் பட்டையைச் சோதிக்க இருந்த கருவிகள் கண்ணும் நாக்கும் மட்டுமே. நிறத்தைப் பார்ப்பார், ஒடித்துப் பார்ப்பார், மென்று பார்ப்பார். கசந்தால் நல்ல பட்டை. வணிகர்களுக்கு இது வசதியாகப் போயிற்று. செர்ரி போன்ற வேறு மரங்களின் பட்டையைக் கற்றாழைப் பாலில் ஊறவைத்தால் கசப்பும் நிறமும் ஏறிவிடும். ஏமாற்று இல்லாத இடத்திலும் குழப்பம் இருந்தது. சின்கோனாவில் பல இனங்கள் உண்டு. ஒன்றில் மருந்துச்சத்து நிறைந்திருக்கும், மற்றொன்றில் ஏறக்குறைய ஒன்றுமே இராது. இரண்டும் ஒரே பெயரில் ஒரே மூட்டையில் வந்தன. ஆகவே ஒரு நோயாளி பிழைத்தார், அதே அளவு உண்ட இன்னொருவர் இறந்தார். மருந்தே பொய் என்று ஒரு சாராரும், அதுவே அருமருந்து என்று மற்றொரு சாராரும் பல பத்தாண்டுகள் வாதிட்டனர். இரு சாராரும் தாங்கள் கண்டதையே சொன்னார்கள்.

நாக்கை நம்பியதால் ஒரு நன்மையும் விளைந்தது. இங்கிலாந்தில் எட்வர்ட் ஸ்டோன் என்ற பாதிரியார், வில்லோ மரப்பட்டையின் கசப்பு பெருநாட்டுப் பட்டையை ஒத்திருப்பதை உணர்ந்து, அதைக் காய்ச்சல்காரர்களுக்குக் கொடுத்துப் பார்த்து 1763ல் முடிவுகளை வெளியிட்டார். காய்ச்சல் தணிந்தது. ஆனால் வில்லோவில் உள்ள சாலிசின் உடல் வெப்பத்தைத்தான் குறைக்கும், மலேரியா ஒட்டுண்ணியை ஒன்றும் செய்யாது. ஆஸ்பிரினுக்கு இட்டுச்சென்ற பாதை அங்கே தொடங்குகிறது. அதே சாலிசின் பிற்காலத்தில் குயினைனில் கலக்கப்படும் பொருள்களில் ஒன்றாகவும் ஆனது.

நான்கு ஆல்கலாய்டுகள்

1820ல் பாரிஸ் நகரில் பெல்லெத்தியே, காவந்து ஆகிய இரு மருந்தியலாளர்கள் பட்டையிலிருந்து குயினைனையும் சின்கோனைனையும் தனித்துப் பிரித்தனர். அதுவரை கைப்பிடி கணக்கில் கொடுக்கப்பட்ட தூளுக்குப் பதிலாக, இனி எடைபோட்டுக் கொடுக்கக்கூடிய வெண்ணிற உப்பு கிடைத்தது. பின்னர் குயினிடைன், சின்கோனிடைன் என்ற இரண்டும் கண்டறியப்பட்டன. பட்டையின் முதன்மை ஆல்கலாய்டுகள் இந்த நான்கே. நான்கும் மலேரியாவுக்கு எதிராக வேலை செய்பவை. ஆனால் முதலில் புகழ்பெற்றது குயினைன், எனவே விலையும் அதற்கே அமைந்தது.

மருந்து உப்பாக மாறியதும் கலப்படமும் தன் உருவை மாற்றிக்கொண்டது. பட்டையில் பட்டையைக் கலந்த கை, இப்போது வெள்ளைத் தூளில் மாவு, சர்க்கரை, சுண்ணாம்பு, சாலிசின், மலிவான சின்கோனைன் ஆகியவற்றைக் கலந்தது. மெக்சிகோப் போரில் அமெரிக்கப் படைவீரர்களுக்குத் தரமற்ற குயினைன் கிடைத்தது பெரும் கூக்குரலை எழுப்பியது. 1848ல் இறக்குமதி மருந்துகளைத் துறைமுகத்திலேயே சோதிக்கும் சட்டம் அமெரிக்காவில் இயற்றப்பட்டதற்கு அது ஒரு காரணம்.

வேதியியலாளர்களும் சும்மா இருக்கவில்லை. குயினைனை நீர்த்த கந்தக அமிலத்தில் கரைத்து வெயிலில் பிடித்தால் நீல ஒளி வீசும். ஹெர்ஷல் 1845ல் விவரித்த இந்த நீல ஒளியை ஸ்டோக்ஸ் 1852ல் விளக்கி ஒளிர்தல் என்ற நிகழ்வை நிறுவினார். குயினிடைனும் இவ்வாறு ஒளிரும், சின்கோனைனும் சின்கோனிடைனும் ஒளிராது. குளோரின் நீரும் அம்மோனியாவும் சேர்த்தால் மரகதப் பச்சை நிறம் தோன்றுவது மற்றொரு சோதனை. பிரிஸ்டல் நகர மருத்துவர் ஹெராபத், குயினைன் ஊட்டப்பட்ட நாயின் சிறுநீரில் அயோடின் சிந்தியபோது பச்சைநிறப் படிகங்கள் தோன்றியதை 1852ல் அறிவித்தார். ஒளியை முனைவாக்கும் பொருளாக அது புகழ்பெற்றது. ஆயினும் குயினைனை அடையாளம் காணும் சோதனையாகவும் அது மருந்தகங்களில் பயன்பட்டது.

நீலகிரிக்கு வந்த மரம்

1857க்குப் பின் இந்தியாவில் பிரிட்டிஷ் படை பெருகியது, படையோடு குயினைன் செலவும் பெருகியது. ஆண்டிஸ் காடுகளில் மரங்கள் வெட்டி அழிக்கப்படுவதாகச் செய்திகள் வந்தன. கிளெமென்ட்ஸ் மார்க்கம் என்பவரின் பொறுப்பில் 1860ல் தென் அமெரிக்காவுக்குக் குழுக்கள் சென்றன. மார்க்கம் தாமே சேகரித்த கன்றுகள் பயணத்தின் வெப்பத்தில் பட்டுப்போயின. எக்குவடோரில் சிம்போராசோ மலையடிவாரத்தில் ரிச்சர்ட் ஸ்ப்ரூசும் ராபர்ட் கிராசும் சேகரித்த சிவப்புப் பட்டை இனம் பிழைத்தது. 1861ல் அந்தக் கன்றுகள் உதகமண்டலம் வந்து சேர்ந்தன.

உதகை அரசுத் தோட்டத்தின் கண்காணிப்பாளரான மெக்கைவர் அவற்றைத் தொட்டபெட்டாவிலும் நடுவட்டத்திலும் பெருக்கினார். காடு திருத்தவும் குழி வெட்டவும் கூலியாட்கள் போதவில்லை. மலாக்கா நீரிணைக் குடியேற்றங்களிலிருந்து தண்டனைக் கைதிகளாகச் சென்னை மாகாணத்துக்கு அனுப்பப்பட்டிருந்த சீனர்களை நடுவட்டத்துக்குக் கொண்டுவந்து சிறைவைத்து வேலை வாங்கினர். அவர்களில் சிலர் விடுதலைக்குப் பின் அங்கேயே தமிழ்ப் பெண்களை மணந்து குடியமர்ந்ததை எட்கர் தர்ஸ்டன் பதிவு செய்துள்ளார். நடுவட்டத்தின் சிறைக் கட்டடம் இன்றும் இருக்கிறது.

மெக்கைவர் தோட்டக்காரர், வேதியியலாளர் அல்லர். ஆனாலும் பட்டையின் தரத்தை உயர்த்தும் ஒரு முறையை அவரே கண்டார். மரத்தை வெட்டாமல் பட்டையை நீளவாக்கில் கீற்றுக்கீற்றாக உரித்து, உரித்த இடத்தைப் பாசியால் பொதிந்து கட்டினார். வெளிச்சம் படாமல் மறுபடி வளர்ந்த பட்டையில் ஆல்கலாய்டு அளவு கூடியிருந்தது. லண்டனில் பட்டை ஆய்வில் பெயர்பெற்ற ஜான் எலியட் ஹோவர்ட் செய்த பகுப்பாய்வுகள் இதை உறுதிப்படுத்தின. உதகையில் பொதிந்த பட்டையைச் சோதிக்க லண்டனுக்கு அனுப்ப வேண்டியிருந்த நிலை நீண்ட நாள் நீடிக்கவில்லை. 1866ல் ஜான் புரோட்டன் என்பவர் அரசு குயினைன் ஆய்வாளராக நியமிக்கப்பட்டு உதகைக்கு வந்தார்.

ஆணைக்குழு கண்டது

நீலகிரியில் நன்றாக வளர்ந்த சிவப்புப் பட்டைக்கு ஒரு சிக்கல் இருந்தது. அதில் மொத்த ஆல்கலாய்டு நிறைய. ஆனால் அதில் குயினைனின் பங்கு சிறியது, சின்கோனிடைனும் சின்கோனைனுமே மிகுதி. குயினைன் மட்டும்தான் மருந்து என்றால் இது இரண்டாந்தரப் பட்டை. நான்கும் மருந்து என்றால் இதுவே முதல்தரம்.

இதைத் தீர்க்க 1866ல் சென்னை, வங்காளம், பம்பாய் ஆகிய மூன்று மாகாணங்களிலும் மருத்துவர்கள் கொண்ட ஆணைக்குழுக்கள் அமைக்கப்பட்டன. நான்கு ஆல்கலாய்டுகளும் தனித்தனியே தயாரிக்கப்பட்டு முறைக்காய்ச்சல் நோயாளிகளுக்குக் கொடுக்கப்பட்டன. ஆயிரக்கணக்கானோர் இச்சோதனைக்கு உட்பட்டனர். காய்ச்சல் மீண்டும் வராமல் நிற்கிறதா என்பதே அளவுகோல். 1868 வரை நடந்த இந்த ஆய்வில் சென்னைக் குழுவின் முடிவு தெளிவாக இருந்தது. நான்கின் பயனும் ஏறத்தாழ ஒன்றே, குணமானோர் நூற்றுக்கு 98 பேருக்கு மேல். குயினிடைன் குயினைனுக்குச் சற்றும் குறையவில்லை. சின்கோனைன் மட்டும் சிறிது பின்தங்கியது.

மலேரியா ஒட்டுண்ணியை லாவரான் நுண்ணோக்கியில் காண்பதற்கு இன்னும் 12 ஆண்டுகள் இருந்தன. எந்த உயிரை எதிர்க்கிறோம் என்று தெரியாமலே, எதிர்க்கும் பொருள்களை இவ்வளவு ஒழுங்காக ஒப்பிட்டுப் பார்த்தது அந்தக் காலத்துக்குப் பெரிய காரியம். நோயாளிகளின் சம்மதம் பற்றி யாரும் கேட்டதாகத் தெரியவில்லை என்பதையும் சேர்த்தே இதைப் படிக்க வேண்டும்.

முடிவின் பொருள் வெளிப்படை. குயினைனைத் தனியே பிரிக்கச் செலவிடத் தேவையில்லை. பட்டையின் ஆல்கலாய்டுகள் முழுவதையும் ஒன்றாக வடித்தெடுத்தால் ஏழைக்கும் எட்டும் விலையில் மருந்து கிடைக்கும். புரோட்டன் இவ்வாறே ஒரு கலவையைத் தயாரித்து 1870களின் தொடக்கத்தில் மருத்துவமனைகளுக்கு வழங்கினார். ஆனால் கணக்குப் பார்த்த அரசு, பட்டையை லண்டன் சந்தையில் விற்றால் இதைவிட லாபம் என்று கண்டது. உதகையின் தயாரிப்பு நிறுத்தப்பட்டது. மக்களுக்கு மலிவு மருந்து தருவதற்காகவே இம்மரம் கொண்டுவரப்பட்டது, வருவாய்க்காக அல்ல என்று மார்க்கம் கடுமையாக எழுதினார். எழுத்தால் எதுவும் மாறவில்லை. மருத்துவர்கள் ஆயிரக்கணக்கான படுக்கைகளில் கண்ட உண்மை, கணக்கர் ஒருவரின் பேரேட்டில் தோற்றுப்போனது என்றே சொல்ல வேண்டும்.

வங்காளத்தில் நிலைமை வேறு. டார்ஜிலிங் பகுதியின் மங்பூ தோட்டத்தில் அதே சிவப்புப் பட்டையிலிருந்து கலப்பு ஆல்கலாய்டு மருந்து 1870களின் நடுவிலிருந்து பல பத்தாண்டுகள் தயாரிக்கப்பட்டது. அது மலிவு, வேலையும் செய்தது. ஆனால் ஒவ்வொரு தயாரிப்பிலும் ஆல்கலாய்டுகளின் விகிதம் மாறியது. குமட்டல் வருவதாக நோயாளிகள் குறைகூறினர். நான்கும் சமம் என்பது தூய பொருள்களை வைத்துக் கண்ட முடிவு. தொழிற்சாலையின் கலவைக்கு அதே உறுதியைத் தர யாரும் ஒரு தரநிர்ணயம் வகுக்கவில்லை. கலப்பு மருந்தின் உண்மையான பலவீனம் இங்கேதான் இருந்தது.

ஜாவாவின் வெற்றி

1865ல் பொலிவியாவில் சார்லஸ் லெட்ஜர் என்ற வணிகருக்காக மானுவெல் இங்க்ரா மமானி என்ற பழங்குடி மனிதர் விதைகளைத் திரட்டித் தந்தார். பிரிட்டிஷ் அரசு அவற்றை வாங்கவில்லை. டச்சு அரசு ஒரு பகுதியைச் சொற்ப விலைக்கு வாங்கி ஜாவாவில் விதைத்தது. மமானி பின்னர் மீண்டும் விதை சேகரித்தபோது கைதானார். சிறையில் அடித்து உதைக்கப்பட்டு, அதன் விளைவாகவே இறந்தார். அந்த விதையில் முளைத்த மரங்களின் பட்டையில் குயினைன் மட்டுமே 10 சதவீதத்துக்கு மேல் இருந்தது. டச்சுக்காரர்கள் மரம் மரமாகச் சோதித்து, சிறந்தவற்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றை வெட்டினர். சிவப்புப் பட்டை மரத்தை அடிமரமாக வைத்து அதன்மேல் லெட்ஜர் இனத்தை ஒட்டுக்கட்டினர்.

இதற்கிடையில் இலங்கையில் காப்பித் தோட்டங்கள் இலைநோயால் அழிய, தோட்ட முதலாளிகள் சின்கோனாவுக்குத் தாவினர். தமிழகத்திலிருந்து சென்ற கூலித் தொழிலாளர்களே அங்கும் பட்டை உரித்தனர். 1880களின் நடுவில் இலங்கையின் ஏற்றுமதி ஆண்டுக்கு ஒன்றரைக் கோடி பவுண்டை எட்டியது. சந்தை நிரம்பி வழிந்தது. 1870களின் இறுதியில் அவுன்சுக்கு 12 ஷில்லிங்குக்கு மேல் விற்ற குயினைன், 1890 அளவில் ஒன்றிரண்டு ஷில்லிங்குக்கு இறங்கியது. இலங்கை தேயிலைக்கு மாறியது. குறைந்த விலையிலும் லாபம் கண்டது குயினைன் செறிந்த ஜாவாப் பட்டை மட்டுமே. 1896ல் பாண்டுங்கில் தொழிற்சாலை எழுந்தது. 1913ல் ஆம்ஸ்டர்டாமை மையமாகக் கொண்ட கூட்டமைப்பு விலையைத் தன் கையில் எடுத்துக்கொண்டது.

காலணாப் பொட்டலம்

நீலகிரி முற்றிலும் ஓயவில்லை. நடுவட்டத்தில் அரசுத் தொழிற்சாலை அமைந்து குயினைன் தயாரித்தது. 1884ல் உதகைக்கு வந்த அரசு ஆய்வாளர் டேவிட் ஹூப்பர், சின்கோனாவோடு நிற்காமல் இந்திய மூலிகைகள் பலவற்றையும் வேதியியல் முறையில் பகுத்தாய்ந்தார். டைமாக், வார்டன் ஆகியோருடன் சேர்ந்து அவர் எழுதிய ‘பார்மகோகிராபியா இண்டிகா’ 1890களின் தொடக்கத்தில் நிறைவடைந்தது. நாட்டு மருந்துச்சரக்குகளைப் பற்றிய பிற்கால ஆய்வுகள் பலவற்றுக்கும் அது தொடக்க நூலாக இருந்தது.

1892ல் வங்காளத்தில் அஞ்சலகங்கள் வழியாகக் குயினைன் விற்கும் திட்டம் தொடங்கியது. ஒரு வேளை மருந்து கொண்ட சிறு பொட்டலம் காலணா. சென்னை மாகாணமும் இதைப் பின்பற்றியது. விலையைவிட முக்கியமான ஒன்று இதில் இருந்தது. பொட்டலம் அரசுத் தொழிற்சாலையிலிருந்து மூடி முத்திரையிட்டு வந்தது. இடையில் கடைக்காரர் கை படவில்லை. கிராமத்தில் தபால்காரரே தரத்துக்குச் சாட்சி.

இதே ஆண்டுகளில் நடந்த ஒன்றைக் குறிப்பிடலாம். ரொனால்ட் ராஸ் 1897ல் உதகைக்கு வந்து, மலையின் அடிவாரத்தை நோக்கி இறங்கும் சீகூர் கணவாயில் மலேரியா பற்றி ஆராய்ந்தார். அங்கே அவருக்கே மலேரியா கண்டது. சில மாதங்களுக்குப் பின் செகந்திராபாத்தில் கொசுவின் உடலுக்குள் ஒட்டுண்ணியைக் கண்டார்.

போலிக் குயினைனும் மருந்துச் சட்டமும்

இந்தியாவின் தேவைக்கு உள்நாட்டுக் குயினைன் போதவே இல்லை. பற்றாக்குறை இருக்கும் இடத்தில் போலி நுழையும். 1920களில் கடைகளில் விற்ற குயினைனில் குறைந்த அளவே மருந்து இருப்பதும், சில வேளைகளில் மருந்தே இல்லாதிருப்பதும் சட்டசபை வரை பேசப்பட்டது. விற்றவரைத் தண்டிக்கத் தனிச் சட்டம் இல்லை. 1930ல் ராம் நாத் சோப்ரா தலைமையில் மருந்து விசாரணைக் குழு அமைக்கப்பட்டது. நாடெங்கும் சென்று சாட்சியம் கேட்ட அக்குழு, மருந்துகளைச் சோதிக்கும் ஆய்வகங்களும் உரிமம் வழங்கும் முறையும் வேண்டும் என்று 1931ல் பரிந்துரைத்தது. 1940ல் மருந்துகள் சட்டம் நிறைவேறியது. இன்று ஒவ்வொரு மாத்திரை அட்டையிலும் தொகுதி எண்ணும் காலாவதித் தேதியும் அச்சாவதற்கு அடிப்படை இச்சட்டமே. அதன் பிறப்பில் போலிக் குயினைனுக்கு ஒரு பங்கு உண்டு.

புரோட்டனின் எண்ணமும் இதே காலத்தில் வேறு பெயரில் திரும்பி வந்தது. உலகின் மலேரியா நோயாளிகளுக்குத் தேவையான குயினைனை எந்த ஏழை நாடும் வாங்க முடியாது என்று கண்ட நாடுகளின் சங்கம், 1930களின் தொடக்கத்தில் ‘டோட்டாகுயினா’ என்ற கலப்பு ஆல்கலாய்டு மருந்தை முன்வைத்தது. மங்பூ மருந்துக்கு இல்லாதது இதற்கு இருந்தது. படிகமாகும் ஆல்கலாய்டுகள் குறைந்தது 70 சதவீதம், குயினைன் குறைந்தது 15 சதவீதம் இருக்க வேண்டும் என்று வரையறை வகுக்கப்பட்டது. குயினைன் குறைந்த பட்டையிலிருந்தும் இதைச் செய்ய முடியும். அறுபது ஆண்டுகளுக்கு முன் நீலகிரிக்கு இப்படி ஒரு வரையறை கிடைத்திருந்தால் சிவப்புப் பட்டை மதிப்பிழந்திருக்காது.

1942ல் ஜப்பான் ஜாவாவைக் கைப்பற்றியபோது நேச நாடுகளுக்குக் குயினைன் வரத்து நின்றது. அந்த நெருக்கடியில் செயற்கை மருந்துகள் வளர்ந்தன. போருக்குப் பின் குளோரோகுயின் வந்து குயினைனை ஓரங்கட்டியது. ஆனைமலையிலும் அரசு சின்கோனாத் தோட்டங்கள் இருந்தன. அந்த நிலங்களிலும் காலப்போக்கில் தேயிலை ஏறியது. வால்பாறைக்கு அருகே ‘சின்கோனா’ என்பது இன்று தேயிலைத் தோட்டங்கள் சூழ்ந்த ஓர் ஊரின் பெயர்.

குளோரோகுயினுக்கு ஒட்டுண்ணி பழகிக்கொண்ட பின் மீண்டும் ஒரு தாவரமே கைகொடுத்தது. சீனாவில் தூ யூயூ தலைமையிலான குழு 1970களின் தொடக்கத்தில் ஒரு மாசிபத்திரி இனத்திலிருந்து ஆர்ட்டிமிசினினைப் பிரித்தது. கொதிக்கவைத்த சாற்றில் மருந்துத்தன்மை நிலையாக இல்லை. குறைந்த வெப்பத்தில் ஈதரைக் கொண்டு வடித்தபோது கிடைத்தது. 2015ல் அவருக்கு நோபல் பரிசு வழங்கப்பட்டது. கடும் மலேரியாவுக்குக் குயினைனைவிட அதன் வழிவந்த ஆர்ட்டிசுனேட் அதிக உயிர்களைக் காக்கிறது என்பதை 2005ல் ஆசிய நாடுகளில் நடந்த பெரும் சோதனை காட்டியது. அதில் இறப்பு 22 சதவீதத்திலிருந்து 15 சதவீதமாகக் குறைந்தது.

அந்த மருந்தும் போலிக்குத் தப்பவில்லை. தென்கிழக்கு ஆசியாவின் கடைகளில் வாங்கிய ஆர்ட்டிசுனேட் மாத்திரைகளில் 38 சதவீதத்தில் அம்மருந்து துளியும் இல்லை என்று 2001ல் வெளியான ஆய்வு தெரிவித்தது. அட்டைகளில் அசலைப் போலவே மின்னும் ஒட்டுவில்லைகள் இருந்தன. மாத்திரையைக் கரைத்துச் சாயம் சேர்த்து நிறம் மாறுகிறதா என்று கிராமத்திலேயே பார்க்கும் எளிய சோதனை ஒன்றை ஆய்வாளர்கள் உருவாக்கினர். மருந்து இருந்தால் கரைசல் மஞ்சளாகும். இல்லாவிட்டால் அப்படியே இருக்கும்.